சித்தி பேரில் வந்த முதல் சம்பளம்

தினா,

நீ பெங்களூரில் நன்றாக இருக்கிறாய், ரூமில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, மெஸ் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள், செருப்பு அறுந்து புதிது வாங்கினாய். இவ்வளவும் எனக்குத் தெரியும். சொன்னது நீ இல்லை, உன் சித்தி. ஆகவே நலம் விசாரிக்கிற வேலை எனக்கு மிச்சம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"ம்மா, மொத சம்பளத்தை இன்னா பண்ணே?" என்று நீ ஒவ்வொரு தடவை பேசும்போதும் கேட்கிறாய். "பத்திரமா இருக்குடா" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். பத்திரமாக இல்லை. அது என் கையில் உன் சம்பளமாக வந்து சேரவே இல்லை. அது எங்கே போனது என்று சொல்வதற்கும், இனிமேல் நீ சம்பாதிப்பதில் எனக்கென்று தருவது யார் வழியாகவும் இல்லாமல் உன்னிடமிருந்து எனக்கு வரவேண்டும் என்று கேட்பதற்கும்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொன்னால் நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். இதில் உன்னால் குறுக்கே பேச முடியாது. பணம் வந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தாமதமாகத்தான் எழுதுகிறேன், ஆனாலும் முழுதாகப் படி.

எல்லாம் நம் வீட்டு முன்னறையில், பேக்கிங் மேஜையில் ஆரம்பித்தது. பண்ருட்டியிலிருந்து வந்த முந்திரிப் பருப்பை நான் முழுசு வேறு, உடைசல் வேறு என்று பிரித்துக்கொண்டிருந்தேன். நீ லீவுக்கு வந்திருந்தாய். என் முந்திரி வியாபாரத்துக்கு நீயே செய்து கொடுத்த வெப்சைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இதில் கிரிப்டோவிலும் பணம் கட்டலாம் என்று ஒரு பட்டன் வைக்கட்டுமா என்றாய்.

"வெளிநாட்டுல இருக்கறவங்க பேங்க் வழியா அனுப்பினா நாள் ஆவுதும்மா, கமிஷன் வேற போவுது. காயின்னா ரெண்டு நிமிஷம்."

"பருப்புல வண்டு இருந்துச்சுன்னா பணத்தைத் திருப்பணுமே, எப்படிடா திருப்பறது?"

"வந்த மாதிரியே அனுப்பிட வேண்டியதுதான்."

"அவுங்க குடுத்தப்ப ஒரு வெலை, நான் திருப்பறப்ப ஒரு வெலைன்னா? வந்த காயினைத் திருப்பணுமா, வந்த ரூபாயைத் திருப்பணுமா?"

"ம்மா, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"தப்பான எடத்துக்குப் போயிட்டா யாரைப் போய்க் கேக்கறது? மேனேஜரு யாரு?"

"மேனேஜர்லாம் கெடையாது. அதான் அதோட அழகே."

"அழகா? முந்திரி மண்டியிலகூட கேக்கறதுக்கு ஒரு ஆளு உக்காந்திருக்காருடா."

நீ லேப்டாப்பை மூடினாய். "கேள்வி கேட்டே ஆளை சாவடிப்பேம்மா நீ. சித்தி ஒரே நாள்ல கத்துக்கிட்டாங்க, தெரியுமா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாய்.

நீ என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் அன்று மாலைவரை உடைசலையும் முழுசையும் ஒன்றாகக் கலந்து பேக் செய்துகொண்டிருந்தேன். உன் அப்பா வந்து பார்த்துத்தான் சொன்னார்.

சுபா உன் அப்பாவின் தம்பி மனைவி. எனக்கு ஓரகத்தி, உனக்குச் சித்தி. என்னைவிட ஆறு வயது இளையவள். சிதம்பரத்தில் கோயில் கோபுரம் தெரிகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு பரதநாட்டியம் கற்கிற பிள்ளைகளுக்குச் சலங்கை, நெற்றிச்சுட்டி, ராக்கொடி எல்லாம் ஆன்லைனில் விற்கிறாள். நல்ல பெண்தான். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், என்னைக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் காலேஜுக்குத் தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்தால் பிள்ளை இளைத்துவிடுவான் என்று பயந்து உன்னை அவள் வீட்டில் விட்டேனே, அதற்குப் பிறகு நீ வாரக் கடைசியில் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு வீட்டுப் பிள்ளையாகத்தான் வந்தாய். மோர்க்குழம்பில் வெண்டைக்காய் கிடந்தால் ஒதுக்கினாய், "சித்தி காய் போடாமதான் செய்வாங்க" என்றாய். தலையை மறுபக்கமாக வகிடெடுத்தாய். புது ஜோக் எதையாவது பாதி சொல்லிவிட்டு, "உனக்குப் புரியாதும்மா, சித்திக்குத்தான் தெரியும்" என்று நீயே சிரித்துக்கொண்டாய். எனக்கும் சிரிக்கத் தெரியும், தினா. பி.காம். பரீட்சை முடிந்த கையோடு எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள், அடுத்த வருஷமே நீ பிறந்தாய். உன்னையும் என்னையும் பார்த்து அக்கா தம்பியா என்று கேட்ட கண்டக்டர் உண்டு. அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போகும்? நீ என்னிடம் சொல்லிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் பொறாமை. அக்கறை, கவலை என்று வேறு பெயர் வைத்து அதை உனக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. கவலையும் இருக்கிறது, ஆனால் அது இரண்டாவதுதான்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். முதல் சம்பளத்தைத் தாம்பாளத்தில் வெற்றிலை, மஞ்சளோடு விளக்கின் முன்னால் வைத்து, அம்மா கையில் கொடுக்க வேண்டும். அம்மா அதிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மகனுக்கே திருப்பிக் கொடுப்பாள். அந்த நோட்டை மட்டும் செலவு செய்யக்கூடாது. செம்மங்குப்பம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது உன் அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து, ஊரே பேங்க் வாசலில் வரிசையில் நின்றபோதுகூட அவர் அதை மாற்றவில்லை. "இது பணமில்ல, விடு" என்றார். இன்றைக்கும் அவர் பர்ஸின் உள்மடிப்பில் செல்லாமல் பத்திரமாக இருக்கிறது. உனக்கு வேலை கிடைத்த வாரமே நான் தாம்பாளத்தைப் புளிபோட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நீ நேரில் வரமுடியாது, ஃபோனில்தான் அனுப்புவாய் என்று தெரியும். பரவாயில்லை, ஃபோனையே தாம்பாளத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். உன் பேரோடு அது வந்து விழுகிற சத்தத்தைக் கேட்டால் போதும் என்றிருந்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். என் வியாபாரத்தில் பழைய வாடிக்கையாளர்கள் யாரும் இத்தனை கிலோ என்று சொல்வதில்லை. பணத்தைப் போட்டுவிடுவார்கள். நான் பேரைப் பார்த்து, அன்றைய விலைக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு பருப்பை அனுப்பிவிடுவேன். எல்லாம் அந்தப் பேரை நம்பி நடக்கிறதுதான். சுபா அதற்கு முந்தின வாரம்தான் பேசியிருந்தாள். மகள் முதன்முதலாகச் சலங்கை கட்டப்போகிறாள், வீட்டில் சலங்கை பூஜை, ஸ்வீட்டுக்கு முந்திரி உங்களிடம்தான் வாங்குவேன் அக்கா என்றாள். அப்புறம் ஒருநாள் காலை ஃபோன் சிணுங்கியது. சுபா பேரில் பணம். பெரிய தொகை. கூடவே வாட்ஸப்பில் ஒரு வரி: "அக்கா, பணம் போட்டிருக்கேன் பாருங்க." அதற்குப் பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி ஒன்று.

எனக்கு எரிந்தது. ஊரையே கூப்பிட்டிருக்கிறாள் போலிருக்கிறது, வீட்டு ஆளுக்கு என்ன விலை என்றுகூடக் கேட்காமல் தூக்கிப் போடுகிறாள், அவ்வளவு வசதியைக் காட்டவேண்டுமா என்று நினைத்தேன். அந்த எரிச்சலிலேயே இருப்பதில் நல்ல பருப்பாக, ஒன்றுகூட உடையாத முழுசாகப் பொறுக்கி, இரண்டு டின் கட்டினேன். என் சரக்கைப் பார்த்து அவள் வாயைப் பிளக்கவேண்டும் என்று ஆசை. பஸ் ஸ்டாண்டுக்கு நானே ஆட்டோவில் கொண்டுபோனேன்.

"இன்னாக்கா, கல்யாணமா?" என்றார் தெரிந்த கண்டக்டர்.

"ஓரகத்தி வீட்ல விசேஷம். ஒடையாம கொண்டுபோங்கண்ணே, எல்லாம் முழுப் பருப்பு" என்றேன்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் நீ கூப்பிட்டாய்.

"ம்மா, வந்துச்சா?"

"எதுடா?"

"மொத சம்பளம்மா! பாதி உனக்கு. கம்பெனியில காயினாதானே குடுக்கறாங்க, அதை வாங்கிக்க உனக்குத்தான் வாலட் கெடையாதே. அதான் சித்திக்கு அனுப்பினேன். அவுங்க ரூபாயா மாத்தி உனக்கு ஜிபே பண்ணிட்டாங்களே. சர்ப்ரைஸா இருக்கட்டும், நானே சொல்லிக்கறேன்னு சொல்லி வச்சிருந்தேன்."

தாம்பாளம் கவிழ்த்தபடியே இருந்தது. பஸ் அந்நேரம் புதுச்சத்திரத்தைத் தாண்டியிருக்கும். செம்மங்குப்பத்தில் உன் அப்பா வேலை செய்கிற கம்பெனி கேட்டைத் தாண்டித்தான் போயிருக்கும்.

"வந்துச்சுப்பா" என்றேன்.

"சந்தோஷமா?"

"சந்தோஷம்டா."

மத்தியானம் சுபா கூப்பிட்டாள். "அக்கா! இன்னாக்கா இது, ரெண்டு டின்னு! நான் ரெண்டு கிலோ கேக்கலாம்னு இருந்தேன். புள்ளைக்கு மொத சம்பளம் வந்த சந்தோஷத்துல இப்படி அனுப்பிட்டீங்களே, எவ்ளோ பெரிய மனசுக்கா ஒங்களுக்கு! பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாருக்கும் அள்ளிக் குடுத்துட்டேன். எங்க தினா சம்பாதிச்சதுன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன்."

எங்க தினா.

அப்போதே சொல்லியிருக்கலாம். "இல்லம்மா, நீ ஆர்டர் போட்டேன்னு நெனச்சுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, சிரித்திருப்போம். ஆனால் என் மகன் அனுப்பியது வந்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை என்பதை நான் அவள் காதில் போய்ச் சொல்லவேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. "சாப்புடுங்கம்மா, நல்லா சாப்புடுங்க" என்று வைத்துவிட்டேன். உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறிவிட்டது. "உன் புள்ள சம்பளத்தை அந்தத் தெருவே நெய்யில வறுத்துத் தின்னுதுடி" என்றார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

தப்பு என்னுடையதுதான் என்று நீ சொல்லலாம். ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம் என்பாய். கேட்டிருக்கலாம். ஆனால் நீ பேங்க் வழியாக அனுப்பியிருந்தால் உன் பேர் வந்திருக்கும், நான் யாரையும் கேட்கவேண்டியே இருந்திருக்காது. நீ காயின் என்கிறாயே, அதை நீ அனுப்பினாலும் அடுத்த வீட்டுக்காரன் அனுப்பினாலும் அது ஒரே மாதிரிதான் வந்து விழுகிறது. பேர் இல்லாத பணம் முதலில் யார் வீட்டில் இறங்குகிறதோ அவர்கள் பேரை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறது. என் சந்தேகம் இதுதான், இதைத்தான் அன்றைக்கு மேஜையில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்கு இன்னொன்றும் சொல்கிறேன், பி.காம். படித்ததற்கு இதாவது உதவட்டும். உன் சம்பளம் மாதாமாதம் சுபாவின் கணக்கில் போய் இறங்கினால், நாளைக்கு வரி ஆபீஸில் அவளைத்தான் கேட்பார்கள், இவ்வளவு வருமானம் உனக்கு எப்படி வந்தது என்று. அவள் பாவம் என்ன பதில் சொல்வாள்? அதுகூடப் பெரிதில்லை. நீ சம்பாதிப்பதை அரசாங்கமே அவள் கணக்கில் எழுதிக்கொள்ளும் என்பதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

சலங்கை பூஜைக்குப் போனேன். உன்னால் வரமுடியவில்லை, ஆனால் நீ அங்கே எல்லா இடத்திலும் இருந்தாய். லட்டின் மேல் உட்கார்ந்திருந்தாய், பாயசத்தில் மிதந்தாய். நான் பொறுக்கி அனுப்பிய முழுப் பருப்பு ஒவ்வொன்றையும் எனக்கு அடையாளம் தெரிந்தது. குழந்தை சலங்கை கட்டி நாலு அடி எடுத்து வைத்ததும் எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பந்தி முடிந்ததும் சுபா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, ஒரு ஹெல்ப்பு. வெளிநாட்டுல ஒரு டான்ஸ் கிளாஸ்லேருந்து சலங்கை வாங்கினாங்க, காயின்ல பணம் குடுத்தாங்க. அளவு சேரலைன்னு இப்பத் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் அப்பவே ரூபாயா மாத்தி சலங்கை கட்டறவருக்குக் குடுத்துட்டேன். அதுக்குள்ள காயினு வெலை ஏறிப்போச்சு. அவுங்க குடுத்த காயினையே திருப்புங்கறாங்க. திருப்பினா என் கையிலேருந்து ஜாஸ்தி போவுது. நான் இன்னாக்கா பண்றது? நீங்க பி.காமாச்சே."

நான் மேஜையில் உன்னிடம் கேட்ட கேள்விதான், தினா. வண்டுக்குப் பதில் சலங்கை.

"தினாகிட்ட சொல்லாதீங்கக்கா. என் வெப்சைட்ல அந்தக் காயின் பட்டனை ஆசையா செஞ்சு குடுத்தான், மனசு கஷ்டப்படுவான்" என்றாள்.

சொல்லாதே என்றாள், சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பிப் போய் இன்னொரு டம்ளர் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அவளுக்குப் பதில் சொன்னேன். "சலங்கைக்கு நீ வெலை போட்டது ரூபாயில. அவுங்க வாங்குன அன்னிக்கு அது எவ்வளவோ, அதைத் திருப்பு. அளவு சேரலைங்கறது அவுங்க குத்தமா உன் குத்தமான்னு பாத்து தபால் செலவைப் பேசிக்க. இனிமே வெப்சைட்லயே எழுதி வச்சிடு, பணம் திருப்பறதுன்னா ரூபாய்க் கணக்குதான்னு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இருந்தா எனக்கு இன்னாக்கா பயம்" என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவளை நிஜமாகவே பிடித்திருந்தது. ஒரே நாளில் கற்றுக்கொண்டதாக நீ சொன்னாயே, அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது, உன் முகம் வாடக்கூடாது என்று மறைத்திருக்கிறாள் என்று தோன்றியது.

அப்புறம் அவளே சொன்னாள். "அக்கா, சொல்ல மறந்துட்டேன். மொத சம்பளத்துல ஒரு நோட்டு திருப்பிக் குடுக்கணும்ல? நீங்க பேக்கிங்ல பிஸியா இருப்பீங்கன்னு, உங்க பேரைச் சொல்லி நானே அவனுக்கு நூத்தியொரு ரூபா போட்டுட்டேன்."

நல்ல மனசோடுதான் செய்தாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பேன்.

கேள், தினா. காயினே பொய் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அதைப் பற்றி அவ்வளவு தெரியாது, தெரிந்ததாக நடிக்கவும் மாட்டேன். ஆனால் ரூம் வாடகை, மெஸ், பால், பஸ் என்று தினப்படி நடக்கிற காரியத்தை, காலையில் ஒரு விலையும் சாயங்காலம் ஒரு விலையுமாக இருக்கிற ஒன்றின் தலையில் கட்டாதே. மெஸ்காரர் உன்னிடம் கேட்பது ரூபாய். தவறிப்போனால் திருப்பித் தருவதற்கும், நீ சண்டை போடுவதற்கும் எதிரில் ஒரு ஆள் இருக்கிற இடத்தில் பணம் கட்டு. கம்பெனியிடம் சம்பளத்தை பேங்கில் போடச் சொல்லிக் கேட்டுப் பார். முடியாது என்றால் உன் பேரில், உன் கணக்கில் நீயே மாற்று, வரியை நீயே கட்டு. யார் வழியாகவும் வேண்டாம். சித்தி வழியாக என்றால் சத்தியமாக வேண்டாம். என் கடை வெப்சைட்டில் அந்தப் பட்டன் வராது. கோபித்துக்கொள்ளாதே. பருப்பில் வண்டு வருகிறவரை நான் பணம் திருப்பவேண்டியிருக்கும், அதை எனக்குத் தெரிந்த பணத்தில் திருப்புகிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்லவேண்டியிருக்கிறது. சிதம்பரத்திலிருந்து வந்த மறுநாள் நான் ஒரு வாலட் திறந்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உன்னைச் சாவடித்த கேள்விகளையெல்லாம் ஃபோனிடமே கேட்டேன், அது கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. ஒரே நாளில் முடியவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, உன் அப்பா மூன்று தரம் ஹோட்டலில் சாப்பிட்டார். கடைசியில் எனக்கென்று ஒரு முகவரி வந்தது, நீளமாக, வாயில் நுழையாத எழுத்தும் எண்ணுமாக. அதை உனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அதில் எனக்கு எதையாவது அனுப்ப உலகத்திலேயே ஒரு ஆளால்தான் முடியும். அதனால் பேர் வராவிட்டால் பரவாயில்லை, வருவது யாரிடமிருந்து என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் சம்பளம் வந்ததும், என் பங்கில் ஒரு துளியை மட்டும் அதற்கு அனுப்பு. வந்து சேர்ந்ததா என்று நானே பார்த்துச் சொல்கிறேன். மீதியை பேங்க் வழியாக உன் பேரோடு எனக்குப் போடு. ஃபோனைத் தாம்பாளத்தில் வைத்து விளக்கேற்றுகிறேன். அந்தத் துளியிலிருந்து ஒரு பொட்டு உனக்கே திருப்பி அனுப்புவேன். அதை அனுப்புகிற கட்டணம் அதைவிட ஜாஸ்தி ஆகும் என்று உன் அப்பா இப்போதே சிரிக்கிறார். ஆகட்டும். அதுதான் உன் நோட்டு. ஏறினாலும் விற்காதே, இறங்கினாலும் விற்காதே. அப்பா பர்ஸில் இருக்கிறதைப்போல அது பாட்டுக்குக் கிடக்கட்டும். சித்தியிடம் சொல்லவேண்டாம்.

அவள் போட்டாளே நூற்றொரு ரூபாய், அதை இன்றைக்கே டீக்கடையில் செலவழித்துவிடு. கூட இருக்கிற பையன்களுக்கும் வாங்கிக் கொடு. ஒரு பைசா மிச்சம் வைக்காதே.

உன்
அம்மா